வழக்கறிஞருக்கு ஐந்து மணி நேர வரலாற்றுப் பாடம்

2023 பிப்ரவரி 6. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வழக்கறிஞர்களின் சிறப்புக் கூட்டம் இணையவழியாக நடந்தது. மூவாயிரத்து நானூறுக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். ஊதியம், கட்டணம், நீதிமன்ற நேரம் என்று வழக்கமாகச் சண்டை மூளும் விஷயம் எதுவும் அன்று இல்லை. ஐந்து மணி நேர இணையப் பாடம் ஒன்றுதான் சண்டைக்குக் காரணம்.

பாடத்தின் பெயர் ‘த பாத்’, அதாவது ‘பாதை’. அந்த மண்ணின் பூர்வகுடி மக்களின் வரலாறு, அவர்களோடு அரசு செய்துகொண்ட ஒப்பந்தங்கள், அவர்கள் மீது ஏவப்பட்ட சட்டங்கள் ஆகியவற்றைச் சொல்லும் பாடம் அது. நம் ஊர் பார் கவுன்சில் செய்யும் வேலையை அங்கே செய்யும் ‘லா சொசைட்டி ஆஃப் ஆல்பர்ட்டா’, மாகாணத்தில் தொழில் செய்யும் ஒவ்வொரு வழக்கறிஞரும் 2021-இல் தொடங்கிப் பதினெட்டு மாதங்களுக்குள் இதைப் படித்து முடித்தாக வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தது. முடிக்காதவர்களின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்படும் என்றும் சொல்லியிருந்தது.

ஐம்பது பேர் அளவில் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். எதைப் படிக்க வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரத்தைத் தரும் 67.4 என்ற விதியையே நீக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. இது கல்வி ஆகாது, அரசியல் திணிப்பு என்றார்கள். பாடம் வேண்டும் என்று நூற்றுக்கணக்கான வழக்கறிஞர்கள் எதிர்க்கடிதம் எழுதினார்கள். வாக்கெடுப்பில் விதியை நீக்கச் சொன்னவர்கள் 864 பேர். இருக்கட்டும் என்றவர்கள் 2,609 பேர்.

பட்டம் வாங்கி, தேர்வெழுதி, உரிமம் பெற்ற பிறகும் மருத்துவர், செவிலியர், வழக்கறிஞர், ஆசிரியர் போன்றோர் ஆண்டுதோறும் சில மணி நேரம் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. புதிய மருந்து, புதிய தீர்ப்பு, புதிய கருவி என்று அந்தத் தொடர்கல்வியில் பாடங்கள் வந்து போகும். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கனடா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் அந்தப் பட்டியலில் பூர்வகுடி மக்களைப் பற்றிய பாடமும் ஏறியிருக்கிறது. அடுத்தவரின் பண்பாட்டைத் தெரிந்துகொள்வது நல்ல பழக்கம் என்ற அளவில் நின்றிருந்தால் யாரும் மனுப் போட்டிருக்க மாட்டார்கள். இந்தப் பாடங்கள் வேறு ஒன்றைச் செய்கின்றன. ‘உன் தொழில் இந்த மக்களுக்கு என்ன செய்தது?’ என்று படிக்க வருபவரிடமே கேட்கின்றன.

வழக்கறிஞர்களுக்கு அந்தக் கேள்வி வலிக்கக் காரணம் இருக்கிறது. பூர்வகுடி மக்களை ஆளும் கனடாவின் ‘இந்தியன் சட்டம்’ 1876-இல் பிறந்தது. பூர்வகுடியைச் சேர்ந்த ஒருவர் மருத்துவப் பட்டம் பெற்றாலோ, வழக்கறிஞராகப் பதிவு செய்தாலோ, பாதிரியாரானாலோ, அந்தச் சட்டப்படி அவர் ‘இந்தியர்’ என்ற சட்ட அந்தஸ்தை இழந்துவிடுவார். படித்தவன் இனி அந்தக் குடியைச் சேர்ந்தவன் இல்லை என்பது அதன் தர்க்கம். நான்கே ஆண்டுகளில் அந்தப் பிரிவு தளர்த்தப்பட்டாலும், சட்டம் எந்த மனநிலையில் எழுதப்பட்டது என்பதற்கு அது சாட்சி. 1927-இல் சேர்க்கப்பட்ட 141-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. பறிபோன நிலத்தைக் கேட்டு வழக்குப் போடுவதற்காகப் பூர்வகுடி மக்களிடம் பணம் திரட்டுவது, அரசின் அனுமதி இல்லாவிட்டால், குற்றமானது. வேறு சொற்களில், அவர்கள் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது. 1951 வரை இதுதான் நிலை. அந்த இருபத்துநான்கு ஆண்டுகளில் தொழில் செய்த வழக்கறிஞர்களின் வாரிசுகள்தான் இன்றைய நீதிமன்றங்களில் வாதாடுகிறார்கள்.

இதையெல்லாம் மிஞ்சியது உறைவிடப் பள்ளிகளின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி 1990-களின் பிற்பகுதி வரை, அரசு பணம் கொடுக்க, கிறிஸ்தவத் திருச்சபைகள் அவற்றை நடத்தின. ஏறத்தாழ 1,50,000 குழந்தைகள் குடும்பங்களிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை, தலைமுடி வெட்டு, புதுப் பெயர். காசநோயும் பசியும் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன. அரசின் மருத்துவ அதிகாரியாக இருந்த பீட்டர் பிரைஸ் 1907-லேயே இந்தச் சாவுகளைப் பற்றி அறிக்கை கொடுத்தார். அரசு அசையவில்லை. ஓய்வு பெற்ற பின், 1922-இல், அவரே அதைச் சிறு நூலாக அச்சிட்டு, தேசம் செய்த குற்றம் என்று தலைப்பிலேயே எழுதினார். மருத்துவர்களுக்கான வகுப்புகளில் இன்று அவர் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. தெரிந்தும் பேசாமல் இருந்த தொழிலில், பேசிய ஒருவர் அவர்.

பள்ளிகளில் தப்பிப் பிழைத்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். அந்த வழக்குகளின் உடன்பாட்டில் பிறந்ததுதான் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம். நீதிபதி மர்ரி சின்க்ளேர் அதன் தலைவர். ஆயிரக்கணக்கானோரின் வாக்குமூலத்தைக் கேட்ட ஆணையம், 2015-இல் 94 பரிந்துரைகளை வெளியிட்டது. 24-ஆவது மருத்துவ, செவிலியர் கல்லூரிகளுக்கு. 27-ஆவது வழக்கறிஞர் அமைப்புகளுக்கு. 57-ஆவது அரசு ஊழியர்களுக்கு. 92-ஆவது பெருநிறுவனங்களுக்கு. நால்வருக்கும் சாரம் ஒன்றுதான்: உறைவிடப் பள்ளிகளின் வரலாறும் ஒப்பந்தங்களும் பூர்வகுடிச் சட்டங்களும் தெரியாமல் இந்த மக்களுக்கு யாரும் சேவை செய்ய முடியாது, ஆகவே படியுங்கள். ஆல்பர்ட்டாவின் ஐந்து மணி நேரமும், பக்கத்து மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் வழக்கறிஞர்களுக்கு 2022-இல் வந்த ஆறு மணி நேரமும் இந்த வேரில் முளைத்தவை.

பாடம் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்? சிறைக் கணக்கைப் பார்க்கலாம். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கனடாவில் பூர்வகுடி மக்கள் சுமார் 18 லட்சம் பேர், நூற்றுக்கு ஐந்து. மத்திய அரசின் சிறைகளிலோ நூற்றுக்கு முப்பதுக்கும் மேல். பெண் கைதிகளில் பாதிப் பேர் அவர்கள். தண்டனை விதிக்கும்போது குற்றவாளியின் பூர்வகுடிப் பின்னணியை, அவர் குடும்பம் பட்ட பாட்டை, நீதிபதி கணக்கில் எடுக்க வேண்டும் என்று 1999-இல் கிளாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதின்மூன்று ஆண்டு கழித்து, இப்பீலி வழக்கில், கீழ் நீதிமன்றங்கள் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று அதே நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. பாட்டி உறைவிடப் பள்ளியில் வளர்ந்தவர், தாய் அரசுக் காப்பகத்தில் வளர்ந்தவர் என்ற செய்தி தண்டனையை மாற்றக்கூடியது. அதைக் கட்சிக்காரரிடம் கேட்கத் தோன்றாத வழக்கறிஞர் தன் வேலையை அரைகுறையாகத்தான் செய்கிறார்.

மருத்துவமனைக் கதைகள் இன்னும் கசப்பானவை.

2008 செப்டம்பர், வினிபெக் நகரம். பிரையன் சின்க்ளேர், வயது 45, இரு கால்களும் இல்லாதவர், சக்கர நாற்காலியில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். சிறுநீர்க் குழாய் அடைத்து, சிறுநீர்ப்பையில் தொற்று. குழாயை மாற்றி, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கொடுத்தால் சரியாகிவிடும். 34 மணி நேரம் காத்திருப்போர் பகுதியிலேயே உட்கார்ந்திருந்து இறந்துபோனார். குடித்துவிட்டு வந்திருப்பார், தங்க இடமில்லாமல் ஒதுங்கியிருப்பார் என்று ஊழியர்கள் எண்ணிக்கொண்டது பின்னர் நடந்த விசாரணையில் வெளியே வந்தது.

2020 செப்டம்பர் 28, கியூபெக் மாகாணம், ஜோலியெட் மருத்துவமனை. அட்டிகமேக் குடியைச் சேர்ந்த ஜாய்ஸ் எஷாகுவான், ஏழு குழந்தைகளின் தாய், வயது 37. படுக்கையில் வலியில் துடித்தபடி கைப்பேசியில் ஃபேஸ்புக் நேரலையை இயக்கினார். பணியாளர்கள் அவரை இழிவாகப் பேசும் குரல்கள் அதில் பதிவாயின. கொஞ்ச நேரத்தில் அவர் இறந்தார். அந்தச் சாவுக்கு இனவெறியும் முன்முடிவும் துணைபோயின என்று மரண விசாரணை அதிகாரி அறிக்கையில் எழுதினார். பரபரப்புக்குப் பின் கியூபெக் அரசு சுகாதாரப் பணியாளர்களுக்குச் சிறு இணையப் பாடம் ஒன்றைக் கட்டாயமாக்கியது. மேலோட்டமானது, பெயருக்குச் செய்தது என்று பூர்வகுடித் தலைவர்களே அதைக் குறை சொன்னார்கள்.

இந்த இரண்டு சாவுகளிலும் ஊழியர்களுக்குத் தெரியாமல் போனது எந்தப் பண்பாட்டுச் சடங்கும் இல்லை. பிரையன் சின்க்ளேருக்கு அவர் குடியின் நடனமோ பாட்டோ தெரிந்த செவிலியர் தேவைப்படவில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவரை நோயாளி என்று பார்க்கும் ஒருவர் தேவைப்பட்டார். நியூசிலாந்தைச் சேர்ந்த மாவோரி செவிலியர் இரிஹபெட்டி ராம்ஸ்டன் இந்த வேறுபாட்டை 1980-களின் இறுதியிலேயே பிடித்துவிட்டார்.

செவிலியர் படிப்பில் சட்டப் பாதுகாப்பு, ஒழுக்கப் பாதுகாப்பு, மருத்துவப் பாதுகாப்பு என்று எல்லாம் சொல்லித்தருகிறீர்களே, பண்பாட்டுப் பாதுகாப்பு எங்கே என்று 1988-இல் ஒரு கூட்டத்தில் மாவோரி மாணவி ஒருவர் கேட்டார். ராம்ஸ்டன் அந்தக் கேள்வியை ஒரு கோட்பாடாக வளர்த்தார். நோயாளியின் பழக்கவழக்கங்களைச் செவிலியர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தன்னிடம் உள்ள அதிகாரத்தையும், தான் சுமந்து வரும் முன்முடிவுகளையும் அவர் அறிந்திருக்க வேண்டும். சிகிச்சை பாதுகாப்பாக இருந்ததா என்பதைத் தீர்மானிப்பவர் சிகிச்சை அளித்தவர் கிடையாது, பெற்றவர். 1992-இல் நியூசிலாந்தின் செவிலியர் மன்றம் இதைச் செவிலியர் கல்வியின் கட்டாயப் பகுதியாக்கியது. பத்திரிகைகள் பொங்கின. செவிலியர்களுக்கு ஊசி போடக் கற்றுத்தருவதா, அரசியல் கற்றுத்தருவதா என்று கேட்டன. 1995-இல் விவகாரம் நாடாளுமன்றக் குழு விசாரணை வரைக்கும் போனது. கோட்பாடு பிழைத்தது. பிறகு கடல் கடந்தது. ஆஸ்திரேலியாவில் மருத்துவப் பணியாளர்களின் பதிவை ஆளும் தேசியச் சட்டத்தில் 2022-இல் பண்பாட்டுப் பாதுகாப்பு ஒரு நோக்கமாகவே சேர்க்கப்பட்டது.

வகுப்பு எப்படி இருக்கும்? ஒரே மாதிரி இருக்காது. கனடாவில் பரவலாக நடப்பது ‘போர்வைப் பயிற்சி’. கைரோஸ் என்ற திருச்சபைகளின் கூட்டமைப்பு பரப்பிய இது 1997-இல் உருவானது. தரை நிறையப் போர்வைகளை விரிக்கிறார்கள். அதுதான் நாடு. பங்கேற்பவர்கள் பூர்வகுடி மக்களாக அதன்மேல் செருப்பில்லாமல் நடமாடுகிறார்கள். நடத்துபவர் வரலாற்றை வாசிக்க வாசிக்க, போர்வைகள் மடிக்கப்படுகின்றன. ஒப்பந்தம், ஒரு மடிப்பு. அம்மை நோய், சிலர் வெளியேற வேண்டும். உறைவிடப் பள்ளி, சிலர் பிரித்துத் தனியே நிறுத்தப்படுகிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஐந்நூறு ஆண்டு முடிந்துவிடும். காவல்துறையினரும் வங்கி ஊழியர்களும் ஆசிரியர்களும், சிறு துணித்துண்டில் ஒற்றைக் காலில் நின்றபடி அதை முடிக்கிறார்கள். பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். பயிற்சியின் பாதி அந்த வட்டத்தில்தான் இருக்கிறது என்பது நடத்துபவர்களின் அனுபவம்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் சுகாதாரத் துறையில் வளர்ந்த ‘சன்யாஸ்’ இணையப் பாடம் வேறு வகை. படிப்பவர் தன் எண்ணங்களை எழுத வேண்டும். பயிற்சி பெற்ற வழிநடத்துநர்கள் அதைப் படித்துப் பதில் சொல்வார்கள். காணொளியை ஓடவிட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போக முடியாது. இன்னொரு பக்கம், ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் 2017-இல் ‘இண்டிஜினஸ் கனடா’ என்ற பன்னிரண்டு பாடத் தொகுப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று இலவசமாகத் திறந்துவிட்டது. 2020-இல் நடிகர் டான் லெவி தானும் படிக்கப்போவதாகச் சொல்லி ரசிகர்களையும் கூப்பிட, கூட்டம் அலைமோதியது. கட்டாயம் இல்லாமலும் மக்கள் படிப்பார்கள் என்பதற்கு அது ஒரு சான்று. ஆனால் தானாக வந்து படிப்பவர் ஏற்கெனவே பாதி மனம் திறந்தவர். பிரையன் சின்க்ளேரைக் கடந்துபோன ஊழியர் தானாக வந்து சேர்வாரா என்பதுதான் கட்டாயத்தை ஆதரிப்பவர்கள் எழுப்பும் கேள்வி.

எதிர்ப்பாளர்களின் வாதங்களை எல்லாம் பதர் என்று தள்ளிவிட முடியாது. 2021-இல் கம்லூப்ஸ் நகரின் பழைய உறைவிடப் பள்ளி வளாகத்தில், தரையை ஊடுருவும் ராடார் மூலம் சுமார் இருநூறு புதைகுழிகள் இருக்கக்கூடும் என்று அறிவிக்கப்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பிய வழக்கறிஞர்களின் பாடப்பகுதி அதை உறுதியான கண்டுபிடிப்பாக எழுதியிருந்தது. ‘இருக்கக்கூடும்’ என்று திருத்த வேண்டும் என 2024-இல் இரண்டு வழக்கறிஞர்கள் தீர்மானம் கொண்டுவந்தார்கள். உறைவிடப் பள்ளிக் கொடுமையை மறுக்கிறார்கள் என்று அவர்கள் மீது கண்டனம் பாய்ந்தது. தீர்மானம் சிறு வித்தியாசத்தில் தோற்றது. சாட்சியத்தை எடைபோடுவதே தொழிலாகக் கொண்டவர்களுக்குப் பாடம் எழுதும்போது, ஒரு சொல்லில் காட்டும் அலட்சியம்கூடப் பாடம் முழுவதன் மீதும் சந்தேகத்தைக் கொண்டுவந்துவிடுகிறது.

பூர்வகுடி மக்கள் தரப்பிலிருந்தும் குறைகள் வருகின்றன. கனடாவில் அறுநூறுக்கும் மேற்பட்ட முதற்குடிச் சமூகங்கள் இருக்கின்றன. அவர்களோடு வடதுருவ இனுயிட் மக்களும், மேட்டி மக்களும் உண்டு. மொழிகள் எழுபதுக்கும் மேல். பசிபிக் கரையில் சால்மன் பிடித்து வாழ்ந்த குடியையும் பனிவெளியில் கடல்நாய் வேட்டையாடிய குடியையும் ஒரே காணொளியில் அடைத்தால், பழைய முன்முடிவின் இடத்தில் புதிய முன்முடிவு உட்காரும். ‘இவர்கள் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்கள்’ என்று எங்கோ படித்த மருத்துவர், பேசாமல் குனிந்திருக்கும் நோயாளியின் வலியைப் பண்பாடு என்று நினைத்து விட்டுவிடலாம்.

படித்தால் மாற்றம் வருகிறதா? வகுப்பு முடிந்த கையோடு கேட்டால், தெரியாதது தெரிந்தது, பார்வை மாறியது என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். நோயாளிக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கேட்டால் சான்று மெலிதாக இருக்கிறது. மருத்துவப் பணியாளர்களுக்கான பண்பாட்டுப் பயிற்சிகளைப் பற்றி உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளை 2014-இல் காக்ரேன் அமைப்பு சலித்துப் பார்த்தபோது, தரத்தகுதி பெற்றவை ஐந்துதான் தேறின. அவற்றிலிருந்தும் நோயாளியின் உடல்நலம் தேறியது என்று உறுதியாகச் சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. படித்து முடித்தவர்களின் எண்ணிக்கையை எண்ணுவது எளிது. அவசர சிகிச்சைப் பிரிவில் யார் எத்தனை மணி நேரம் காத்திருந்தார் என்று குடிவாரியாக எண்ணுவதற்கு நிர்வாகத்துக்குத் துணிச்சல் வேண்டும்.

அதனால்தான் சில தொழில் அமைப்புகள் மணிக்கணக்கோடு நிற்காமல் விதிமுறைக்குப் போயிருக்கின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பொதுச் சுகாதாரத் துறையின் இனவெறி பற்றி 2020 நவம்பரில் ஒரு விரிவான அறிக்கை வந்தது. அதன் தொடர்ச்சியாக அங்குள்ள செவிலியர், மருத்துவர் பதிவு அமைப்புகள் 2022 பிப்ரவரியில், பூர்வகுடிப் பண்பாட்டுப் பாதுகாப்பையும் இனவெறி எதிர்ப்பையும் தொழில்நெறியாகவே அறிவித்தன. மருந்தின் அளவைச் சரிபார்ப்பது எப்படிக் கடமையோ அப்படி இதுவும் ஒரு கடமை.

கனடாவில் வாழும் தமிழர்களுக்கு இது தள்ளி நின்று பார்க்கும் விஷயமாக இல்லை. டொராண்டோ பகுதியின் ஸ்கார்பரோவிலும் மார்க்கம் நகரிலும் வளர்ந்த தலைமுறையில் மருத்துவர்களும் செவிலியர்களும் வழக்கறிஞர்களும் ஏராளம். குடியுரிமை உறுதிமொழியே 2021-இல் மாறிவிட்டது. முதற்குடிகள், இனுயிட், மேட்டி மக்களின் பூர்வகுடி, ஒப்பந்த உரிமைகளை ஏற்கும் அரசியலமைப்பு உள்ளிட்ட சட்டங்களைக் கடைப்பிடிப்பேன் என்று இப்போது ஒவ்வொரு புதிய குடிமகனும் சொல்ல வேண்டும். டொராண்டோ நகரின் பெரும்பகுதி மிசிசாகா மக்களிடமிருந்து 1787-இல் ‘வாங்கப்பட்டது’. 1805-இல் அதை உறுதிசெய்தபோது அவர்கள் கைக்கு வந்தது பத்து ஷில்லிங். அந்தக் கணக்கு 2010-இல்தான் 14.5 கோடி டாலர் இழப்பீட்டோடு தீர்ந்தது. போரில் வீடும் நிலமும் இழந்து வந்தவர்களுக்கு இந்தக் கதை சட்டென்று புரியும். ஆனால் இந்தப் பாடங்கள் அவர்களைப் பரிவோடு நின்றுவிடச் சொல்லவில்லை. வெள்ளைச் சீருடையிலோ கறுப்பு அங்கியிலோ அவர்கள் நிற்கும்போது, எதிரில் இருப்பவருக்கு அவர்களும் அந்த அமைப்பின் ஆள்தான் என்பதை நினைவில் வைக்கச் சொல்கின்றன.

இதற்கிடையே ஆல்பர்ட்டாவில் காற்று திசை மாறியிருக்கிறது. வழக்கறிஞர்கள் வாக்களித்துக் காப்பாற்றிய விதி ஓய்ந்துபோன விவகாரமாகிவிடவில்லை. தொழில்திறனோடு நேரடித் தொடர்பில்லாத பண்பாட்டுப் பயிற்சிகளைத் தொழில் அமைப்புகள் உறுப்பினர்கள் மீது கட்டாயமாக்குவதைத் தடுக்கும் மசோதா ஒன்றை 2025 இறுதியில் மாகாண அரசு சட்டமன்றத்தில் கொண்டுவந்தது. பூர்வகுடி மக்களின் வரலாறு தெரிந்திருப்பது தொழில்திறனில் சேருமா சேராதா என்ற பழைய சண்டை, இப்போது சட்டத்தின் வாசகத்துக்குள் புகுந்திருக்கிறது.

எல்லைக்கு மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவில் விதி வேறு. அங்கே பணிபுரியும் செவிலியர், யாழ்ப்பாணத்தில் படித்தவரானாலும் சென்னையில் படித்தவரானாலும், தன் முன்முடிவுகளைத் தானே சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர். சக ஊழியர் ஒரு பூர்வகுடி நோயாளியை இழிவாக நடத்துவதைக் கண்டால் அதைத் தடுத்துப் பேசவும், மேலிடத்துக்குத் தெரிவிக்கவும் கடமைப்பட்டவர். அதைச் செய்யாமல் விட்டார் என்று நோயாளியோ குடும்பத்தாரோ கருதினால், அவருடைய பதிவு அமைப்பிடமே புகார் கொடுக்கலாம்.